யாருக்குப் பாதுகாப்பு?

அரபு மொழியில் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கி வருகின்றன. அச்சம் நீங்கிய நிலைக்கு ‘அம்ன்’ என்று பெயர். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் ‘அமானத்’. அப்பொருளைக் குறைவின்றிக் காத்து உரியவரிடம் திருப்பித் தருபவர் ‘அமீன்’. உள்ளத்து உறுதியாகிய ‘ஈமான்’ என்பதும் அவ்வேரின் கிளையே. பாதுகாப்பும் நம்பகமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அரபு இலக்கணத்தின் தொடக்கப் பாடம் கற்கும் மாணவனும் அறிவான்.

ஆனால், அரபு மொழி பேசும் மக்கள் பெருகி வாழும் சூடான் நாட்டிலே இச்சொல் முப்பதாண்டுக் காலம் வேறொரு பொருளில் வழங்கிற்று. ‘ஜிஹாஸுல் அம்ன்’ என்பது உமர் அல்-பஷீர் ஆட்சியின் இரகசியக் காவல் துறைக்குப் பெயர். 1990களில் அவ்வாட்சி தன் எதிரிகளை அடைத்துவைத்து வதைத்த மறைவிடங்களைச் சூடானியர் ‘பேய் வீடுகள்’ என்று அழைத்தனர். அச்சமின்மையைக் குறிக்கப் பிறந்த சொல், அச்சத்தின் பெயராகவே மாறிப்போயிற்று. களவுகளில் பெரிய களவு சொற்களைக் களவாடுவது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லைச் சீருடை அணிந்தோர் மக்களிடமிருந்து களவாடி, தம் அரியணைக்கு மேற்கட்டியாக விரித்துக்கொண்டனர். அக்களவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

சொல்ல வேண்டிய தேவை யாது? நம் இளைஞர்கள் பலருடைய கைப்பேசிகளில் ஆப்பிரிக்கத் தளபதிகளின் காணொளிகள் உலா வருகின்றன. சிவப்புத் தொப்பியும் இடுப்பில் துப்பாக்கியுமாக மேடையேறும் இளந்தளபதிகளை ‘வல்லரசுகளை விரட்டிய விடுதலை வீரர்’ என்று புகழ்ந்து, ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கின்றனர். படித்த பெரியவர்களிலும் சிலர், “அந்நாடுகளுக்குத் தேர்தலும் சட்டமன்றமும் எதற்கு? முதலில் பாதுகாப்பு வேண்டும், அதனை இராணுவமே தர வல்லது” என்று தீர்ப்புரைக்கின்றனர். இத்தீர்ப்பு பிழையானது. வரலாறு இதற்கு எதிராகச் சாட்சி கூறுகிறது. அச்சாட்சியங்களை நடுநிலையோடு கேட்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

பசியும் அச்சமும்

பாதுகாப்பு என்பது என்ன? எல்லையில் காவல் நிற்பதும், தலைநகரில் அரண்மனை நிலைத்திருப்பதும் மட்டுமே பாதுகாப்பு என்று அரசுகள் நெடுங்காலம் சாதித்து வந்தன. 1994ஆம் ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கை இவ்விலக்கணத்தை மாற்றி எழுதிற்று. அவ்வறிக்கையின் பின்னின்ற அறிஞர், பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளியல் மேதை மஹ்பூபுல் ஹக். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனித உயிர், சமூகம், அரசியல் உரிமை ஆகிய ஏழு துறைகளிலும் சாதாரண மனிதன் இடரின்றி வாழ்வதே பாதுகாப்பு என்றும், இல்லாமையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுபடுவதே அதன் சாரம் என்றும் அது எடுத்துரைத்தது. ‘மனிதப் பாதுகாப்பு’ என்று அதற்குப் பெயரும் இட்டது.

உலகம் இதனைப் புதிய கருத்தாகப் பாராட்டிற்று. குறைஷ் என்னும் சிறிய அத்தியாயத்தை ஓதிப் பழகிய நமக்கு இதில் புதுமை இல்லை. பசிக்கு உணவும் அச்சத்திற்கு அபயமும் ஆகிய இரண்டையும் ஒருசேர இணைத்து அருட்கொடையாக எண்ணிக் காட்டும் அத்தியாயம் அது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் பாதுகாப்பு இல்லை. இவ்விரட்டை அளவுகோலைக் கையில் ஏந்திக்கொண்டு சூடானுக்குச் செல்வோம்.

சூடான் கூறும் சாட்சி

1956 ஜனவரி முதல் நாளில் சூடான் விடுதலை பெற்றது. மூன்றாண்டு நிறைவதற்குள், 1958 நவம்பரில், ஜெனரல் இப்ராஹீம் அப்பூத் ஆட்சியைப் பிடித்தார். 1964 அக்டோபரில் மக்கள் எழுச்சி அவரை இறக்கிற்று. 1969இல் ஜஅஃபர் நுமைரி வந்தார்; 1985 வரை இருந்தார். 1989 ஜூன் 30இல் உமர் அல்-பஷீர் வந்தார்; 2019 ஏப்ரல் வரை அசையாது அமர்ந்திருந்தார். விடுதலைக்கும் 2019க்கும் இடைப்பட்ட 63 ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை இராணுவத்தார் ஆண்ட ஆண்டுகள். ஒரு மருந்தை ஐம்பதாண்டுக்கு மேல் உட்கொண்ட நோயாளியின் நிலையை வைத்து அம்மருந்தின் தரத்தை நாம் அளக்கலாம் அல்லவா?

‘நாட்டின் ஒற்றுமையைக் காக்கிறோம்’ என்பது அவ்வாட்சிகளின் நீங்காத முழக்கம். விளைவு என்ன? தெற்குப் பகுதி மக்களோடு 1955 முதல் 1972 வரையும், மீண்டும் 1983 முதல் 2005 வரையும் போர். இரண்டாம் போரில் மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் போராலும் பஞ்சத்தாலும் பிணியாலும் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இறுதியில் 2011 ஜூலையில் தென்சூடான் தனிநாடாயிற்று. நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும், எண்ணெய் விளைச்சலில் நாலில் மூன்று பங்கும் அதனோடு போயின. ஒற்றுமையைக் காப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்களின் கையிலேயே நாடு பிளந்தது. பேச்சால் தீர்க்க வேண்டியதைப் பீரங்கியால் தீர்க்க முனைந்தவர் கண்ட பயன் இதுவே.

மேற்கே ‘தார்ஃபூர்’ என்றொரு மாநிலம். ‘ஃபூர் மக்களின் வீடு’ என்பது அப்பெயரின் பொருள். 2003ஆம் ஆண்டு அங்கே கிளர்ச்சி மூண்டபோது, அல்-பஷீரின் அரசு தன் படையை மட்டும் ஏவவில்லை. ‘ஜன்ஜவீத்’ என்று மக்கள் அஞ்சி அழைத்த குதிரைப்படைக் கூலிகளுக்கு ஆயுதமும் அனுமதியும் தந்து, கிராமங்களின் மீது அவிழ்த்துவிட்டது. மூன்று இலட்சம் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. மதிப்பிட்டது. கொன்றவரும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டவரும் முஸ்லிம்கள். ஒரே கிப்லாவை நோக்கி நின்றவர்களை இனத்தின் பெயரால் இரண்டாக்கிய பழி, பாதுகாப்பின் பெயரால் ஆண்டவர்களையே சாரும்.

காவலனுக்குக் காவலன்

வன்முறையால் ஆட்சியைப் பிடித்தவனுக்கு உறக்கம் வருவதில்லை. தான் வந்த வழியே மற்றொருவனும் வரக்கூடும் என்னும் அச்சம் அவனை அரிக்கிறது. ஆகவே தன் இராணுவத்திடமிருந்து தன்னைக் காக்க மற்றோர் இராணுவத்தை வளர்க்கிறான். அல்-பஷீர் செய்தது அதுவே. 2013இல் ஜன்ஜவீத் கூட்டத்தாரைத் திரட்டி ‘குவ்வாத்துத் தஃமிஸ் ஸரீஃ’, அதாவது விரைவுத் துணைப்படை, என்னும் அமைப்பை உருவாக்கினார். 2017இல் அதற்குச் சட்டத்தின் ஒப்புதலும் தரப்பட்டது. அதன் தலைவர் முஹம்மத் ஹம்தான் தகலோவை ‘ஹமீத்தி’ என்பர். அல்-பஷீர் அப்பெயரைச் சற்றே திரித்து, ‘ஹிமாயத்தீ’, ‘என் காவலன்’, என்று கொஞ்சி அழைத்ததாகச் செய்தியாளர்கள் எழுதியுள்ளனர். 2017 இறுதியில் ஜபல் ஆமிர் பகுதியின் தங்கச் சுரங்கங்களும் அக்காவலனின் கைக்கு வந்தன.

2019 ஏப்ரல் 6ஆம் நாள், இலட்சக்கணக்கான மக்கள் கார்த்தூம் நகரின் இராணுவத் தலைமையகத்தின் வாயிலில் சென்று அமர்ந்தனர். வேறெங்கும் அமராமல் அங்கே அமர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரகசியக் காவலரின் துப்பாக்கியிலிருந்து இராணுவம் தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்பினர். தொடக்கத்தில் இளநிலைச் சிப்பாய்கள் சிலர் காக்கவும் செய்தனர். ஏப்ரல் 11இல் அல்-பஷீர் வீழ்ந்தார். வீழ்த்தியவர்களின் அவையில் ‘என் காவலன்’ இரண்டாம் இடத்தில் இருந்தார்! ஆயினும் மக்கள் கலையவில்லை. ஆட்சியை மக்களிடமே ஒப்படைக்குமாறு கேட்டனர். ஜூன் 3ஆம் நாள், ரமலானின் இறுதி நாள்களில் ஒரு வைகறையில், அம்மக்கள் மீது படை பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; உடல்கள் சில நைல் நதியிலிருந்து எடுக்கப்பட்டன. உயிர்தப்ப ஓடியவர்களுக்குத் தலைமையகத்தின் வாயில் திறக்கவில்லை என்று பிழைத்தவர்கள் சாட்சி கூறினர். பெருநாள் புத்தாடைக்குப் பதில் கஃபன் துணி வாங்கிய தாய்மாரின் நாடாயிற்று சூடான்.

அதன் பின்னர் உலகோரின் நெருக்குதலால் மக்கள் தலைவர்களும் தளபதிகளும் ஆட்சியைப் பகிர்ந்துகொண்டனர். பிரதமர் அப்துல்லாஹ் ஹம்தூக், நாட்டின் பொதுவளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு நிதியமைச்சின் கைக்கு வெளியே இருக்கிறது என்று 2020இல் வெளிப்படையாக முறையிட்டார். இராணுவத்தின் கையில் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும். துணைப்படையின் கையில் தங்கம். கருவூலத்தின் திறவுகோல் படைத்தலைவர்களிடம் இருக்க, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும்? 2021 அக்டோபர் 25இல் ஜெனரல் அப்துல் ஃபத்தாஹ் அல்-புர்ஹான் அந்த அரை ஆட்சியையும் கலைத்தார். நாட்டை உள்நாட்டுப் போரிலிருந்து காக்கவே இவ்வாறு செய்ததாகவும் கூறினார். பதினெட்டுத் திங்கள் கழிந்தன. 2023 ஏப்ரல் 15ஆம் நாள், மீண்டும் ஒரு ரமலானின் கடைசிப் பத்தில், அவருடைய இராணுவமும் அவருடைய துணைவரின் படையும் தலைநகரின் தெருக்களில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. எதனைத் தடுப்பதாகச் சொன்னாரோ அதனையே தம் கையால் வரவழைத்தார்.

அப்போரின் கணக்கை எழுத நெஞ்சம் பொறுக்கவில்லை. ஆயினும் எழுதாமல் விடுவது இறந்தோருக்கு இழைக்கும் அநீதி. ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். உலகின் மிகப் பெரிய இடப்பெயர்வு இதுவென ஐ.நா. அறிவித்தது. 2023இல் தார்ஃபூரின் அல்-ஜுனைனா நகரில் மஸாலித் இனத்தாரில் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு மதிப்பிட்டது. 2024 ஆகஸ்ட்டில் ஸம்ஸம் அகதிமுகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. ஆம், ஸம்ஸம்! தாகத்தால் தவித்த குழந்தைக்கு இறைவன் அருளிய ஊற்றின் பெயரைத் தாங்கிய இடத்தில் குழந்தைகள் பசியால் மாண்டனர். அல்-ஃபாஷிர் நகரம் ஏறத்தாழ பதினெட்டுத் திங்கள் முற்றுகையில் கிடந்து, 2025 அக்டோபர் 26இல் துணைப்படையிடம் வீழ்ந்தது. அந்நகரின் மகப்பேற்று மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தோருமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அரசு இராணுவமோ முன்னரே பின்வாங்கிச் சென்றிருந்தது. 2023 டிசம்பரில் வத் மதனி நகரிலும் இதுவே நிகழ்ந்தது. அடைக்கலம் தேடி வந்த பெருந்திரளான மக்களை விட்டுவிட்டுப் படை வெளியேறிற்று.

துணைப்படையின் கொடுமையைச் சொல்வதால் இராணுவத்தின் கை தூயதாகிவிடாது. இருதரப்பாரும் போர்க்குற்றம் புரிந்தனர் என்று ஐ.நா. உண்மை அறியும் குழு 2024இல் கண்டறிந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு. போர் மூண்ட அந்நாள்களில், சூடானில் இருந்த 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி ஜித்தா வழியாக மீட்டு வந்தது. தமிழரும் அவர்களுள் இருந்தனர். அம்முயற்சிக்கு நம் காவிரியின் பெயரே இடப்பட்டிருந்தது. குரல் கொடுத்தால் பதில் சொல்ல ஓர் அரசு இருந்ததால் அவர்கள் பிழைத்தனர். சூடானியருக்கு இரண்டு இராணுவங்கள் இருந்தன. பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

ஸாஹிலின் சீருடைகள்

“சூடான் ஒரு விதிவிலக்கு” என்பார் உளர். எனவே அங்கிருந்து மேற்கே, ஸஹாரா பாலையின் தென்விளிம்பாகிய ஸாஹில் நாடுகளுக்குச் செல்வோம். ஸாஹில் என்றால் கரை. பாலையைக் கடலென்று எண்ணிய பயணிகள் இட்ட பெயர் அது.

அக்கடலைக் கடந்து 1352ஆம் ஆண்டு மாலி நாட்டை அடைந்தார் இப்னு பதூதா. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நம் மஅபர் நாட்டிற்கும் மதுரைக்கும் வந்து சென்றவர் அவர். மாலி மக்களிடம் அவர் வியந்த சிறப்புகளுள் முதன்மையானவை, அங்கே அநீதி அரிதாக இருந்ததும், வழிப்போக்கரும் ஊரில் இருப்போரும் கள்வருக்கு அஞ்சாமல் வாழ்ந்ததுமே. நீதியையும் அச்சமின்மையையும் அவர் அடுத்தடுத்து வைத்து எண்ணினார். படைவலிமையை அப்பட்டியலின் தலைப்பில் வைக்கவில்லை.

அதே மாலியில், 2012 மார்ச் 22ஆம் நாள் கேப்டன் அமது ஸனோகோ என்பவர் ஆட்சியைக் கவிழ்த்தார். ‘வடக்கே கிளர்ச்சியாளரை ஒடுக்க அரசு எங்களுக்குப் போதிய ஆயுதம் தரவில்லை; நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிட்டது’ என்பது அவர் கூறிய காரணம். நடந்தது என்ன? எல்லையை நோக்கியிருந்த படையின் கண் தலைநகரை நோக்கித் திரும்பிய பத்தே நாள்களில் கிடால், காவோ, திம்புக்து ஆகிய மூன்று நகரங்களும் வீழ்ந்தன. நாட்டின் வடபாதி முழுதும் பறிபோயிற்று. இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் கடப்பாரையால் இடிக்கப்பட்டன. அஹ்மத் பாபா நிறுவனத்தின் ஏடுகளில் ஒரு பகுதி 2013 ஜனவரியில் நெருப்பிற்கு இரையாயிற்று. எஞ்சியவற்றைக் காத்தவர் யார்? எந்தத் தளபதியும் அல்லர். அப்துல் காதிர் ஹைதரா என்னும் நூலகரும் அவருடைய தோழர்களும் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்று காத்தனர்.

2020இலும் 2021இலும் மாலியில் மீண்டும் ஆட்சிக் கவிழ்ப்புகள். புர்கினா ஃபாஸோவில் 2022 ஜனவரியில் ஒன்று. அக்கவிழ்த்தவரையே கவிழ்த்து செப்டம்பரில் மற்றொன்று. நைஜரில் 2023 ஜூலை 26ஆம் நாள், தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் முஹம்மத் பஸூமைச் சிறைபிடித்தவர் எவர் தெரியுமா? அவருடைய மெய்க்காவற்படையின் தலைவர்! நாட்டின் பாதுகாப்பு நிலை கெட்டுவருகிறது என்பதே அவரும் சொன்ன காரணம். வேலியே பயிரை மேய்ந்தபின், பயிரைக் காக்கவே மேய்ந்தேன் என்று வேலி விளக்கம் தந்த கதை இது.

அவ்வாட்சிகளால் பாதுகாப்பு வந்ததா? 2022 மார்ச்சில் மாலியின் மூரா கிராமத்தில் அரசுப் படையும் அந்நியக் கூலிப்படையினரும் சேர்ந்து 500 பேருக்குக் குறையாமல் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் அறிக்கை வெளியிட்டது. 2024 ஆகஸ்ட்டில் புர்கினா ஃபாஸோவின் பர்ஸலோகோ ஊர் மக்கள், படையினருக்காகப் பதுங்குகுழி வெட்ட அழைத்துச் செல்லப்பட்டபோது, தீவிரவாதிகளின் தாக்குதலில் நூற்றுக்கணக்கில் மாண்டனர். இராணுவம் மக்களுக்கு அரணாக நிற்க வேண்டியிருக்க, மக்கள் இராணுவத்திற்கு அரண் வெட்டப் போய் அக்குழியருகிலேயே வீழ்ந்தனர். 2025 செப்டம்பர் முதல் ஆயுதக் குழுவினர் எரிபொருள் வண்டிகளை மறித்து எரித்ததால் பமாக்கோ நகரமே தவித்தது. இரு வாரங்கள் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஐந்தாண்டு இராணுவ ஆட்சிக்குப் பின்னும் தலைநகருக்கு ஒரு வண்டி எண்ணெய் அச்சமின்றி வந்து சேர முடியவில்லை! தேர்தலோ 2022இலும் நடக்கவில்லை, 2024இலும் நடக்கவில்லை. 2025இல் அரசியல் கட்சிகளே கலைக்கப்பட்டன.

மறுப்புகளுக்கு மறுமொழி

“பிரெஞ்சு ஆதிக்கத்தை விரட்டினார்களே, அது சிறப்பன்றோ?” என்பது முதல் மறுப்பு. பிரெஞ்சு ஆதிக்கத்தின் கொடுமையை நாம் மறைக்கவில்லை. 1944 டிசம்பரில், பிரான்சுக்காகப் போரிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தம் நிலுவைச் சம்பளத்தைக் கேட்டதற்காக, செனகலின் தியாரோயே முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைக்குப் பின்னும் படைத்தளங்களும் பொருளாதாரப் பிடியும் நீடித்தன. அவற்றை அகற்ற விரும்புவது நியாயமே. ஆனால் ஒரு நாட்டான் சென்ற வாயிலில் மற்றொரு நாட்டுக் கூலிப்படையை வரவேற்று நிறுத்துவது விடுதலையாகுமா? எசமானன் மாறினான், அடிமைச் சாசனம் மாறவில்லை.

மேலும் ஒன்று. ஆப்பிரிக்கப் படைகள் பலவற்றை உருவாக்கிய காலனி அரசுகள், எல்லை காப்பதற்காக அவற்றை உருவாக்கவில்லை. வரி கொடாத கிராமத்தை அடக்குவதற்காக உருவாக்கின. உள்நாட்டு மக்களையே எதிரியாகக் காணும் அப்பார்வையை இத்தளபதிகள் அப்படியே வாரிசுச் சொத்தாகப் பெற்றுள்ளனர். உண்மையில் காலனியத்தை விரட்ட விரும்புவோர் முதலில் அப்பார்வையை விரட்டட்டும்.

“தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஊழல் புரிந்தார்களே” என்பது இரண்டாம் மறுப்பு. புரிந்தார்கள், மறுக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட திருடனை அடுத்த தேர்தலில் இறக்கலாம், பத்திரிகையில் எழுதலாம், வழக்குத் தொடுக்கலாம். துப்பாக்கியோடு வந்தவனின் கணக்கை யார் தணிக்கை செய்வது? கருவூலத்தின் 80 விழுக்காட்டைக் காணோம் என்று முறையிட்ட ஹம்தூக்குக்கு என்ன நேர்ந்தது என்பதை மேலே கண்டோம்.

“இராணுவமே வேண்டாம் என்கிறீரா?” என்பது மூன்றாம் மறுப்பு. அல்ல. ஆயுதக் குழுக்கள் கிராமங்களைச் சூறையாடும் நாட்டில் ஒழுங்கான படை இன்றியமையாதது. நாம் கேட்பது, படைக்கு உரிய இடம். எல்லையிலே நிற்கட்டும், சட்டத்திற்கு உட்பட்டு நிற்கட்டும், சம்பளத்தைக் கருவூலத்திலிருந்து பெறட்டும், சுரங்கத்தையும் வணிகத்தையும் விட்டு விலகட்டும். ஆயுதம் என்பது மக்கள் அதன் கையில் ஒப்படைத்த அமானத். அமானத்தைக் கொண்டு உரியவனின் வீட்டையே பிடித்துக்கொள்வதற்குப் பெயர் கியானத்.

வேறு வழி உண்டு

இது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். சூடானிலேயே நடந்தது. 1985 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போது நுமைரியை அகற்றிப் பொறுப்பேற்ற தளபதி அப்துர் ரஹ்மான் ஸிவாருத் தஹப், ஓராண்டில் ஆட்சியை ஒப்படைப்பேன் என்று வாக்களித்தார். 1986இல் தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். எஞ்சிய வாழ்நாளை அறப்பணியிலும் அழைப்புப்பணியிலும் செலவிட்டு 2018இல் மறைந்தார். அவருடைய பெயருக்குத் ‘தங்கக் காப்பு’ என்று பொருள். தங்கச் சுரங்கத்தைப் பிடித்த தளபதியும் அந்நாட்டில் உண்டு. பெயரிலே மட்டும் தங்கத்தைச் சுமந்து வாக்கைக் காத்த தளபதியும் உண்டு. நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் இவருடைய வரலாறு ஏன் உலவவில்லை?

கானா நாடு 1966 முதல் 1981 வரை ஐந்து ஆட்சிக் கவிழ்ப்புகளைக் கண்டது. 1992இல் அரசியல் சட்டம் இயற்றி, படையை முகாமுக்கு அனுப்பிற்று. 2001, 2009, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் ஆளுங்கட்சி தோற்று, எதிர்க்கட்சியிடம் ஆட்சியை அமைதியாகக் கொடுத்தது. போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபின் பதினோராண்டுக் காலம் இராணுவமே இல்லாமல் இருந்தது; 1977இல்தான் படை அமைத்தது. வைர வருவாயைப் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவத்திற்கும் செலவிட்டது. ஆட்சிக் கவிழ்ப்பு அங்கே நிகழ்ந்ததில்லை. நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸில் நிலையான இராணுவமே கிடையாது. இந்நாடுகளும் ஆப்பிரிக்க நாடுகளே. ‘அம்மக்களுக்குச் சவுக்கே தகும்’ என்று பேசுவோர், ஆப்பிரிக்கரை இழிவு செய்த பழைய வெள்ளைத் துரையின் குரலில் பேசுகின்றனர்.

2001ஆம் ஆண்டு ஆப்பிரிக்கத் தலைவர்கள் அபுஜா நகரில் கூடி, வரவு செலவில் 15 விழுக்காட்டை மக்களின் உடல்நலத்திற்கு ஒதுக்குவதாக வாக்களித்தனர். அவ்வாக்கை நிறைவேற்றிய நாடுகள் மிகச் சில. தளபதிகளின் வீரத்தை அளக்க விரும்புவோர் இவ்வாக்குறுதியைக் கொண்டு அளக்கட்டும்.

மக்கள் கட்டிய அரண்

இரண்டு படைகளும் கைவிட்ட சூடானியரை இன்று காப்பவர் யார்? அவர்களே. தெருவுக்குத் தெரு இளைஞரும் பெண்டிரும் சேர்ந்து ‘குரஃபுத் தவாரிஃ’, அதாவது இடர்கால அறைகள், என்னும் குழுக்களை அமைத்தனர். காயம்பட்டோருக்கு மருந்தும், நகரைவிட்டு ஓடுவோருக்கு வழித்துணையும், பசித்தோருக்கு உணவும் அவர்களால் கிடைத்தன. ஒரு கொப்பரையைச் சுற்றி ஊர் கூடி உண்ணும் அப்பொதுச் சமையற்கூடத்தை அவர்கள் ‘தகிய்யா’ என்கின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாம் ‘தைக்கா’ என்று சொல்கிறோமே, அதே சொல். இப்பணிக்காக அவ்விளைஞர்களில் பலர் இருதரப்புப் படைகளாலும் சிறைபிடிக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். கஞ்சி காய்ச்சுவோரைக் கண்டு துப்பாக்கி ஏந்தியவர்கள் ஏன் அஞ்சுகின்றனர்? மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவர் என்பது வெளிப்பட்டுவிட்டால், காவலன் வேடம் கலைந்துவிடும் என்பதனால்தான்.

நாம் செய்யத்தக்கன

இவ்வளவும் தொலைவில் நிகழ்பவை. நமக்கென்ன என்று கேட்கலாகாது. சூடான் தங்கத்தின் ஏற்றுமதியில் பெரும்பகுதி சென்று சேரும் இடம் ஐக்கிய அரபு அமீரகம். அந்நாடு துணைப்படைக்கு ஆயுதம் அனுப்புவதாகக் கூறப்பட்ட குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. வல்லுநர் குழு 2024இல் எழுதிற்று. அமீரகம் அதனை மறுத்துவருகிறது. நம் பிள்ளைகள் உழைக்கும் நாடு அது; நம் வீட்டுத் திருமணங்களுக்கு நகை வரும் கடைத்தெருவும் அதுவே. வாங்கும் இறைச்சி எவ்வாறு அறுக்கப்பட்டது என்று நுணுகி விசாரிக்கும் நாம், வாங்கும் தங்கம் எந்த மண்ணிலிருந்து, எவருடைய குருதியின் மீது நடந்து வந்தது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கேட்கத் தொடங்குவோம். கடைக்காரருக்கு விடை தெரியாமலிருக்கலாம். கேள்வி பெருகினால் தெரிந்துகொள்ள முயல்வார்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். அடுத்த முறை ஒரு தளபதியின் காணொளி உம் கைக்கு வந்தால், அதனை அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் நாட்டுத் தாய் சந்தைக்குச் சென்று அச்சமின்றி வீடு திரும்புகிறாளா? அவள் பானையில் தானியம் இருக்கிறதா? தளபதி தவறு செய்தால் அவரை இறக்க மக்களுக்கு வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் புகழுங்கள். நாமும் உடன் புகழ்வோம். கிடைக்காவிடில் அக்காணொளியை அங்கேயே நிறுத்துங்கள். அல்-ஃபாஷிரின் மருத்துவமனையில் மாண்ட தாய்மார்க்கு நம்மால் இயன்ற மிகச் சிறிய மரியாதை அது.